ஃப்ரெடியின் சட்டை திரும்பி வந்தது

சாம்பியன் ரீப்ஸ்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் ராதிகாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. கடவுள் புண்ணியத்தில் நானும் அம்மாவும் உன் தம்பியும் சுகம், பம்பாயில் நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பு கெடாமல் இருக்கிறாய் என்று நம்புகிறோம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. பிரதாப் விடியற்காலை ரயிலில் பெங்களூர் போய் வருகிறான், உட்கார இடம் கிடைக்கவில்லை என்று தினம் புலம்பல். போனில் பேசலாம்தான், ஆனால் பேசினால் நான் கத்துவேன், நீ அழுவாய், அம்மா போனைப் பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் லாரி சர்வீஸ்காரன் ஒரு மூட்டையைக் கொண்டுவந்து வாசலில் போட்டான். பிரித்துப் பார்த்தால், நீ உடை அமைக்கிற அந்தத் தங்கச் சுரங்கத் தொடருக்காக நம் தொழிலாளர் லைனில் வீடு வீடாகக் கேட்டு நான் அனுப்பிய பழைய வேலைத் துணிகள். நான் ஒரு மடையன், படம் எடுத்து முடித்துவிட்டார்கள் என்று பூரித்துப்போய், லட்டு வாங்கித் துணியோடு ஒவ்வொரு வீட்டிலும் கொடுத்துவிட்டு வந்தேன். எப்போது வரும் என்று கேட்டவர்களிடம் பொங்கலுக்கு வந்துவிடும் என்று நானே நாள் குறித்தேன். அப்புறம் பிரதாப் பெங்களூரில் உங்கள் தொடரின் மேனேஜர் ஷெர்வினைப் பிடித்து விசாரித்தால், "அதுவா, அது பாதியில நின்னு ரெண்டு மாசம் ஆவுதே, உங்கக்கா சொல்லலியா?" என்றானாம்.

இந்த ஷெர்வின் நம் வீட்டில் உட்கார்ந்து அம்மா வைத்த கறிக்குழம்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவன். உங்கள் கதையை உலகம் பார்க்க வேண்டும் அப்பா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னவன். அவன் பேச்சை நம்பித்தான் நான் ஊரெல்லாம் சொன்னேன். முதல் போட்டவர்கள் பின்வாங்கிவிட்டார்களாம், இருக்கட்டும், அதைச் சொல்ல வாய் இல்லையா அவனுக்கு? இப்போது நான் கூப்பிட்டால் போனை எடுப்பதே இல்லை. நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டான். ஆனால் அவன் யாரோ, நீ என் பெண். வேலை நின்றுபோனது உன் தப்பில்லை, அதற்காக உன்னை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் "ஷூட்டிங் நல்லா போவுதுப்பா" என்று சொன்னாயே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நான் வருத்தப்படுவேன் என்று மறைத்திருப்பாய், அம்மாவும் அதையேதான் சொல்கிறாள். எனக்கு மனசு ஆறவில்லை ராதிகா.

துணியை அழுக்கோடு கொடுங்கள் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். நம் லைன் பெண்கள் கேட்டார்களா? செத்துப்போன மனுஷனை அழுக்குச் சட்டையிலா ஊருக்குக் காட்டுவது என்று வெளுத்து, நீலம் போட்டு, இஸ்திரி செய்து கொடுத்தார்கள். நீ தலையில் அடித்துக்கொண்டு, டீத்தண்ணியும் செம்மண்ணும் பூசி மறுபடி அழுக்காக்கினேன் என்று சிரித்தாய். அதில் எதிர் வீட்டு ஐடா அத்தை கொடுத்தது, அவள் புருஷன் ஃப்ரெடி கடைசி ஷிஃப்டுக்கு முந்தின நாள் கழற்றி ஆணியில் மாட்டிய சட்டை. அடுத்த நாள் சுரங்கத்தில் பாறை வெடித்து அவன் உள்ளேயே போய்ச் சேர்ந்தபிறகு இத்தனை வருஷம் அதை அவள் தண்ணீரில் நனைத்ததே இல்லை. உன் தொடரில் ஊரே பார்க்கப்போகிறது என்றுதான் துவைத்தாள். அந்தச் சட்டையைப் போட்ட நடிகன் காலையில் கேஜ் கூண்டில் சுரங்கத்துக்குள் இறங்கி, ஷிஃப்ட் முடிந்து மேலே வருவான் என்று நீ கதை சொன்னாயே, "அந்தச் சட்டை ஒரு வாட்டியாவது மேல ஏறி வர்றதைப் பாக்கணும்ண்ணா" என்று சொல்லித்தான் கொடுத்தாள். இறங்குவதை எடுத்துவிட்டோம், ஏறுவது அடுத்த முறை என்று நீ சொன்னபோது, நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடிப்போய் அவளிடம் சொன்னேன்.

நேற்று அம்மாவுக்குத் தைலம் கொடுக்க வந்தாள். மூட்டை வந்ததிலிருந்து நான் அவள் கண்ணில் படாமல்தான் திரிகிறேன். போகும்போது வாசலில் நின்று, "இன்னாண்ணா, எறங்குனதை எடுத்தாங்கன்னியே, ஏறுனதையும் எடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள். நான் இருமுவதுபோல உள்ளே வந்துவிட்டேன். சட்டையைப் பழைய ஆணியிலேயே மாட்டியிருக்கிறாளாம், நீ பூசிய அழுக்கோடு.

வேறு வேலை வந்தால் ஒப்புக்கொள், ஆனால் இனி எவனுக்காகவும் நம் ஜனத்திடம் எதையும் வாங்காதே. ராத்திரி பட்டினி கிடக்காதே. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கைத்தொழில் உன்னைக் கைவிடாது, என் ஆசீர்வாதமும் அம்மாவின் ஆசீர்வாதமும் எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறக்காதே, இந்த மாதம் முடிவதற்குள் ஊருக்கு வா, வந்து ஐடா அத்தையிடம் நீயே சொல். பாறை வெடித்த அன்றைக்கு அந்த வீட்டுக்குப் போய் ஃப்ரெடி மேலே வரவில்லை என்று சொன்னவன் நான்தான். அதே வாசலில் அதே சேதியை இன்னொரு தடவை சொல்ல என்னால் ஆகாது அம்மா.

இப்படிக்கு,
உன் அப்பா
சம்பங்கி