நாலே முக்கால்

மணிக்கூடுக் கடை முதலாளி அக்காவுக்கு,

நீ அனுப்பிய படத்தை அம்மா பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்து, "என்ன வடிவாச் சிரிக்குதுகள்" என்றா. நான் கைகளைத்தான் பார்த்தேன். தான்சானியாவில் உன் சிறுவர் இல்லத்துப் பள்ளிக்கூடத்தில் பதினாறு பிள்ளைகள். பதினாறு இடது கையிலும் பேனாவால் கீறிய மணிக்கூடு. உன் மடியில் இருக்கிற அந்த நேமாவுக்கு மட்டும் இரண்டு கையிலும். அவளுக்கு என்ன, இரண்டு நாட்டு நேரமா?

அது எனக்கென்று நீ கண்டுபிடித்த மணிக்கூடு. இங்கே சோதனை நாள்களில் பள்ளிக்கூடம் போகிற ஹனோவர் ட்ராமில் வைத்து என் கையில் கீறுவாய். சோதனை முடியும் நேரத்தில் முள் நிற்கும்.

நீ கேட்ட நாற்பது பேனாக்களையும் நான்தான் வாங்கினேன், கை கழுவினால் போய்விடும் மையாகப் பார்த்து. பொதியை ஒட்டிய பிறகு நேமாவின் முகம் நினைவுக்கு வந்து தொலைத்தது. பிரித்து, நல்ல பேனாக்களாக மாற்றிவிட்டேன். பாதியை மட்டும்.

"அக்கா இன்னும் ஒரு வருசம் அங்கை நிக்கட்டோ எண்டு கேக்கிறாள். நீ என்னடா சொல்லுறாய்?" என்று அம்மா கேட்டா.

"நிக்கட்டும். அவவின்ரை அறை பெரிசு, நான் எடுக்கிறன்" என்றேன்.

இன்று கணிதச் சோதனை. நானே கீறிக்கொண்டு போனேன். வட்டம் உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. சோதனை பதினொன்றுக்கு முடியும்போது முள் ஏன் நாலே முக்காலில் நிற்கிறது என்று பக்கத்திலிருந்த லூக்காஸ் கேட்டான். ஓகஸ்ட் பத்தாம் தேதி நீ திரும்பி வருகிற விமானம் இங்கே இறங்கும் நேரம் அது என்று அவனுக்குச் சொல்லவில்லை.

முள்ளை மாற்றுவதென்றால் நீயே வந்து மாற்று.

உன் முதல் வாடிக்கையாளன்