போகச் சொல்லிக் கெஞ்சிய ஊர்

ஜனவரி 27, திங்கள்

காலைப் பயிற்சி. மற்றவர்கள் கூடைப்பந்தோடு ஓட, நான் வழக்கம்போல ஓரத்தில் நகராத உடற்பயிற்சி சைக்கிளை மிதித்தேன். முழங்கால் சரியாகிவிட்டது என்று மருத்துவர் கையெழுத்துப் போட்டு ஆறு வாரம் ஆகிறது. கோச் இன்னும் என்னைக் களத்தில் இறக்கவில்லை. "பாக்கலாம் கிளிஃப், பாக்கலாம்" என்கிறார். முப்பத்தைந்து வயதுக்காரனிடம் பார்க்கலாம் என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும்.

வெளியே பனி இடுப்பளவு. மகள் மார்லிக்குப் பள்ளி விடுமுறை, ஒரே ஆட்டம். என் மனைவி ஒடெஸ்ஸா மட்டும் உர்ரென்று இருந்தாள். அவள் பள்ளியில் பேண்டு வாசிக்கச் சொல்லித்தரும் பிள்ளைகளுக்கு மாநிலப் போட்டி ஏழெட்டு வாரத்தில். ஒத்திகைக்கு ஒருவரும் வரமுடியவில்லை.

ஜனவரி 29, புதன்

ரோஸ் கூப்பிட்டாள். பதின்மூன்று வருஷமாக என் ஏஜெண்ட். நான் போட்ட ஒப்பந்தம் அத்தனையும் அவள் பேசி முடித்ததுதான்.

"எங்க இருக்க?"

"சைக்கிள்ல."

"இறங்கு."

ஆல்புகர்க்கி அணி ஜாரெல் டூமியைக் கொடுக்கத் தயாராம். டூமி. ஏழடி மனிதன், பூனை மாதிரி ஓடுவான். அவன் வந்தால் இந்த பஃபலோ ஊர் கோப்பையைத் தொடும். நல்லது, நான் ஓரத்திலிருந்து கைதட்டுகிறேன் என்றேன்.

"கைதட்ட நீ இங்க இருக்கமாட்ட. பதிலுக்குப் போறவங்கள்ல நீயும் ஒருத்தன்."

என்னை எதற்குக் கேட்கிறார்கள்? பதினான்கு மாதமாகப் பந்தைத் தொடாதவனை?

"உன்னை யாரும் கேக்கல. உன் சம்பளத்தைக் கேக்கறாங்க. ஒரு அணி மொத்தமா இவ்வளவுதான் குடுக்கலாம்னு லீக் வச்ச சம்பள வரம்பை நம்ம அணி தாண்டிடுச்சு. தாண்டினவங்க சும்மா ஒருத்தனைத் தூக்கிட்டு வர முடியாது. உள்ள வர்ற சம்பளத்துக்கு ஈடா வெளிய போகணும். டூமிக்கு வருஷத்துக்கு நாப்பத்திநாலு மில்லியன் டாலர். இங்கேருந்து போற நம்ம கீஷான் ரஃபுக்கு இருபத்தேழு. மிச்சம் பதினேழு யாரு?"

நான்.

போன ஜூலையில் எங்கள் அணி மேலாளர் வால்ட் குபியாக் என் தோளில் கை போட்டு, "நீ இந்தக் குடும்பத்துல ஒருத்தன்பா" என்று ஒரு வருஷத்துக்குப் பதினேழு மில்லியன் எழுதிக் கொடுத்தார். கால் ஒடிந்தவனுக்கு. அன்று கார் நிறுத்துமிடத்தில் உட்கார்ந்து அழுதேன். இந்தக் காலத்திலும் இப்படி மனிதர்களா என்று.

"அப்ப ஜூலைலயே இதுக்குத்தானா?"

"ஜூலைலயே. தராசுல போட ஒரு எடைக்கல்லு வேணும். உன்னைச் செஞ்சு வச்சுக்கிட்டாரு."

"உனக்குத் தெரியுமா ரோஸ்?"

"தெரியும். சொல்லியிருந்தா நீ கௌரவம் பாத்திருப்ப."

கோபம் வரவேண்டும். வந்தது சிரிப்பு. சைக்கிள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பயிற்சியாளர் ஒருவர் ஓடி வந்து முழங்காலா என்று கேட்டார்.

ஜனவரி 30, வியாழன்

இது இன்னும் பெரிய வேடிக்கை. பழைய அணியோடேயே ஒரே வருஷ ஒப்பந்தம் போட்டவனை அவன் சம்மதம் இல்லாமல் வேறு அணிக்கு அனுப்பக் கூடாதாம். விதி.

"ஆள் மாத்திக்க பிப்ரவரி ஆறு மதியம் மூணு மணிக்குக் கெடு. அதுவரைக்கும் இந்த லீக்லயே பெரிய ஆளு நீதான்" என்றாள் ரோஸ். "ஆனா ஒண்ணு. சம்மதிச்சா, வரம்பைத் தாண்டியும் பழைய ஆளுக்கு அள்ளிக் குடுக்கலாம்ங்கற சலுகை உன் விஷயத்துல போயிடும். இங்கயே இருந்தா அடுத்த ஜூலைலயும் வால்ட் உன்னை எடைக்கல்லா வச்சுக்கலாம். போனா, இதுதான் உன் கடைசிப் பெரிய சம்பளம்."

அதாவது: இருந்தால் பணம், சைக்கிள். போனால்—? அங்கே மட்டும் ஆட விடுவார்களா?

ஜனவரி 31, வெள்ளி

வால்ட் தன் கையாலேயே எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார். இதே அறையில் ஆறு மாதத்துக்கு முன் என் பெயரைத் தப்பாகச் சொன்ன மனிதர்.

"நான் ஒண்ணும் வற்புறுத்தலப்பா."

"தெரியும் வால்ட்."

"யோசிச்சுச் சொல்லு. சக்கரை போதுமா?"

பிப்ரவரி 1, சனி

செய்தி கசிந்துவிட்டது. இறைச்சிக் கடையில் என் பின்னால் நின்றிருந்த அம்மாள் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணு, உன்மேல எங்களுக்கு உயிரு. எப்பப் போற?" கடைக்காரர் நான்கு பவுண்டு மாட்டிறைச்சியைப் பொட்டலம் கட்டிக் கையில் திணித்து, வழிக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். மார்லியின் வகுப்பாசிரியை நேற்றே அவளிடம், "உங்கப்பா என்ன முடிவு பண்ணியிருக்காரு செல்லம்?" என்று கேட்டிருக்கிறார். இவள், "வீட்டுப்பாடம் இல்லைன்னா சொல்றேன்" என்றிருக்கிறாள். யார் பிள்ளை.

பிப்ரவரி 2, ஞாயிறு

எங்கள் மைதானத்தில் ஆட்டம். நான் கோட்டு சூட்டோடு பெஞ்சில். மூன்றாவது கால்பகுதியில் மேல்வரிசையில் தொடங்கியது, பிறகு பதினெட்டாயிரம் பேரும் சேர்ந்துகொண்டார்கள்: போ கிளிஃப் போ. போ கிளிஃப் போ. ஒருவன் அட்டை பிடித்திருந்தான்: "கிளிஃப், உன்னை நேசிக்கிறோம். கிளம்பு."

பதின்மூன்று வருஷம் ஆடியிருக்கிறேன். ஒரு மைதானமே என் பெயரைச் சொல்லிக் கத்தியது இதுதான் முதல் தடவை. எழுந்து கையசைத்தேன். கூரை பிய்ந்துவிடும் போலிருந்தது.

ரஃப் குனிந்து காதில் சொன்னான்: "அண்ணே, அங்க போனா நான் முதல் அஞ்சு பேர்ல ஒருத்தன். இங்க இன்னும் மூணு வருஷம் ஆறாவது ஆளுதான். கால்ல வேணா விழறேன். எந்தக் கால் நல்ல கால்னு மட்டும் சொல்லுங்க."

பிப்ரவரி 3, திங்கள்

சண்டை. பெரிய சண்டை.

நான் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை. உனக்குப் போட்டி இருக்கு, மார்லிக்குப் பள்ளி இருக்கு, உங்களுக்காக இங்கயே இருந்துடறேன்னுதான் சொன்னேன். அதுல என்ன தப்பு?

ஒடெஸ்ஸா மேசையில் இருந்த பாட்டுத் தாள்களை எல்லாம் ஒதுக்கினாள்.

"அந்த விதில பொண்டாட்டி சம்மதம்னு ஒரு வரி இருக்கா?"

"இல்ல."

"அப்ப என் தலைல கட்டாத. பணத்துக்காக இருக்கேன்னு சொல்லு, நம்பறேன். பயமா இருக்குன்னு சொல்லு, அதையும் நம்பறேன். எங்களுக்காகன்னு மட்டும் சொல்லாத. பதினாலு மாசமா வீட்டுக்கு வந்து நீ என்ன பேசற தெரியுமா? சைக்கிளைப் பத்திப் பேசற. இன்னைக்கு சீட்டு உசரமா இருந்துச்சு, இன்னைக்குத் தாழ்வா இருந்துச்சுன்னு."

பயம்தான். ஓடிப் பார்த்து, ஓட முடியலேன்னா? இங்கே என்றால் கோச்மேல பழி போட்டுக்கலாம்.

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் அவள் கேட்டாள்: "பயமா?" ஆமாம் என்றேன். ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுத்தாள்.

பிப்ரவரி 5, புதன்

நானே ஆல்புகர்க்கி மேலாளரோடு பேச வேண்டும் என்றேன். ரோஸ் இரண்டு அணிகளிடமும் அனுமதி வாங்கி இணைத்துவிட்டாள். டெனீஸ் அரகோன். நிதானமான குரல்.

"நேரடியாவே சொல்லிடறேன் கிளிஃப். நீங்க வந்ததும் உங்களை விடுவிக்கறதாதான் திட்டம். முழுச் சம்பளமும் உங்களுக்குத்தான். வீட்டுக்குப் போயிடலாம்."

"எனக்கு ஆடணும்."

மறுமுனையில் காகிதம் புரட்டும் சத்தம்.

"கடைசியா எப்ப ஆடினீங்க?"

"போனதுக்கு முந்தின நவம்பர்."

"எங்களுக்கு இந்த வருஷம் ஜெயிக்கற உத்தேசமே இல்ல, கடைசில வந்தாதான் அடுத்த வருஷம் நல்ல இளம் ஆளை முதல்ல எடுக்கலாம், தெரியுமில்ல?"

"அப்ப எனக்கேத்த இடம்தான். ஒரு மாசம் குடுங்க. முடியலன்னா நானே பையைத் தூக்கிட்டுப் போயிடறேன்."

அவள் சிரித்தாள். "எழுதித் தர முடியாது. ஒப்பந்தத்துக்கு வெளிய எதையும் எழுதக் கூடாது."

"வாயால சொல்லுங்க."

"அதுவும் கூடாது. நீங்க நாளை மறுநாள் ஷூவோட வாங்க. பயிற்சி பத்து மணிக்கு."

போனை வைத்ததும் வரவேற்பறையில் குதித்தேன். விளக்கில் கை இடித்தது. குதிக்க முடிகிறது.

பிப்ரவரி 6, வியாழன்

2:25க்குச் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து. 2:50 வரை லீக் அலுவலகத்திலிருந்து பதில் இல்லை. வால்ட் அறைக்குள் வட்டமாக நடந்தார். ஏதோ ஒரு கணக்கு இடிக்கிறதோ என்று அவருடைய ஆள் மறுபடி கூட்டினான். 2:56க்குச் சரி என்று வந்தது. வால்ட் என்னைக் கட்டிப்பிடித்ததில் அவர் காப்பி முழுவதும் என் சட்டையில்.

"ஜூலைல நான் சொன்னது பொய் இல்லப்பா" என்றார். "பாதிதான் பொய்."

நான் அவர் முதுகில் தட்டினேன். வீட்டுக்கு வந்தால் வாசலில் இருபது முப்பது பேர், பனியில், நன்றி சொல்ல. என் காருக்கு வழி வெட்டி வைத்திருந்தார்கள். ஊரை விட்டுப் போகிறவனுக்கு.

பிப்ரவரி 7, வெள்ளி

ஆல்புகர்க்கி. பனி இல்லை. காற்றும் இல்லை. ஐந்தாயிரம் அடி உயரத்தில் மூச்சு விடுவது எப்படி என்று இந்த ஊர்க்காரர்கள் யாராவது சொல்லித் தரவேண்டும். பயிற்சியில் நான்காவது ஓட்டத்தில் குப்பைத்தொட்டியைத் தேடினேன். ரஃப் தொட்டியைக் கொண்டு வந்து பிடித்தான்.

பிப்ரவரி 11, செவ்வாய்

இறக்கினார்கள்.

ஒன்பது நிமிடம். முதல் பந்து வளையத்தில் படவில்லை, பலகையிலும் படவில்லை. கூட்டம் ஓ என்றது. இரண்டாவது உள்ளே. மூன்றாவது உள்ளே. அப்புறம் ஒருவன் என்மேல் விழுந்தான், நானும் விழுந்தேன், அந்த முழங்கால்மேலேயே. எழுந்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை.

இருபத்திரண்டு புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். உடை மாற்றும் அறையில் நான் ஒருவன்தான் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன். புது கோச், "இவனை யாராவது வெளிய கூட்டிட்டுப் போங்கடா" என்றார்.

பஃபலோவில் இருக்கும் ஒடெஸ்ஸாவிடம் போனில் ஒவ்வொரு நிமிடமாகச் சொன்னேன். அவள், "நாலாவது நிமிஷத்தை மறுபடி சொல்லு" என்றாள்.

பிப்ரவரி 26, புதன்

கால் வீங்கியிருக்கிறது. யாரிடமும் சொல்லவில்லை. தப்பு. நாளை சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 27, வியாழன்

சொன்னேன். ஐந்து நாள் ஓய்வு, அவ்வளவுதான். எவ்வளவு பயந்தேன் என்று இங்கே எழுதமாட்டேன்.

மார்ச் 7, வெள்ளி

நான் கேட்ட ஒரு மாதம் முடிந்தது. நடைபாதையில் டெனீஸ் எதிரே வந்தாள். நான் நின்றேன். "பயிற்சி பத்து மணிக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 22, சனி

பேண்டுக்கு மாநிலத்தில் இரண்டாம் இடம். முதல் இடம் கிடைத்தவர்கள் பெரிய பணக்காரப் பள்ளி என்று ஒடெஸ்ஸா இருபது நிமிடம் திட்டினாள். சந்தோஷமாகத் திட்டினாள்.

மே 19, திங்கள்

பஃபலோ கோப்பைக்கு இரண்டு சுற்று முன்னாலேயே தோற்றது. டூமி நாற்பது புள்ளி எடுத்தும். உண்மையாகவே வருத்தம். நாங்கள் எப்போதோ வெளியே, ரஃபும் நானும் வீட்டில் உட்கார்ந்து பார்த்தோம். அவன் அழுதான்.

ஜூலை 7, திங்கள்

ரோஸ் காலையில் கூப்பிட்டாள். டெனீஸ் ஒரு வருஷத்துக்குக் கேட்கிறாளாம். லீக்கில் இதற்குக் கீழே கொடுக்க முடியாது என்கிற சம்பளம்.

"வெக்கமா இருக்கு உன்கிட்டச் சொல்லவே" என்றாள்.

"இதை வச்சுக்கிட்டு என்னைக் குடுத்து அவங்க யாரை வாங்க முடியும்?"

"யாரையும் முடியாது. இந்தச் சம்பளத்துக்கு ஈடா ஒருத்தனும் வரமாட்டான்."

"அப்ப எதுக்குக் கூப்பிடறாங்க?"

ரோஸ் சிரிப்பதுதான் கேட்டது.

கையெழுத்துப் போட்டேன். ஒடெஸ்ஸா இந்த ஊர்ப் பள்ளி ஒன்றில் நேர்காணலுக்குப் போயிருக்கிறாள். மார்லியைக் கூட்டிக்கொண்டு சாயங்காலம் வீடு பார்க்கப் போக வேண்டும்.