பிர்காவும் கச்சேரியும் சங்கீதமல்ல

அனுப்புநர்:
ந. அம்சவேணி, ஏழாம் வகுப்பு,
த/பெ. நல்லையா, துறைமுகக் கிடங்கு எழுத்தர்,
பசுண்டாங், ரங்கூன்.

பெறுநர்:
பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் அவர்கள்,
ரங்கூன்.

பொருள்: என் சரித்திரக் கட்டுரை சங்கீதக் கட்டுரை என்று தள்ளப்பட்டது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 'அயல்தேசத்துக் கிராமப் பகுதி ஒன்றின் சரித்திரம்' என்ற கட்டுரைப் போட்டிக்கு, ருஷ்யாவில் இருந்த ஸரேச்யே என்ற பகுதியைப் பற்றிப் பதினோரு பக்கம் எழுதினேன். பல கிராமங்கள் சேர்ந்த இத்தகைய பகுதியை அங்கே 'வோலஸ்து' என்பார்கள். தமிழில் புரிய வேண்டுமே என்று, தமிழ்நாட்டில் என் தகப்பனாரின் ஜில்லாவில் சொல்வதுபோல் 'பிர்கா' என்று எழுதினேன். அதன் ஆபீசைக் 'கச்சேரி' என்றேன்.

2. நேற்றுக் கட்டுரை திரும்பி வந்தது. "ஒரு பிர்காவில் பன்னிரண்டு கிராமங்கள்" என்ற வரிக்குப் பக்கத்தில் பெரிய கேள்விக்குறி. "குடியானவர்கள் வண்டி கட்டிக்கொண்டு கச்சேரிக்கு வருவார்கள்" என்பதற்கு, "யாருடைய கச்சேரி?" என்று சிவப்பு மையில் கேட்டிருந்தது. "மூன்று பிர்காக்களை ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள்" என்ற இடத்தில் "தாளம் தப்பும்" என்றும், கடைசியில் "கேட்டது சரித்திரம், சங்கீதமன்று, போட்டியில் சேர்க்கப்படவில்லை" என்றும் இருந்தது. நான் அழுதேன். தகப்பனாரோ சாப்பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார். "உன் ருஷ்யா போயும் போயும் பாட்டுக்காரர் கையிலயா மாட்டணும்!" என்றார் என் தாயார். பிறகு எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

3. திருத்திய ஆசிரியர் மேல் குற்றமில்லை. அவர் ரங்கூனிலேயே பிறந்தவர். இங்கே பிர்கா என்றால் பாட்டில் குரலை வேகமாக உருட்டிப் பாடுவது மட்டும்தான். வெள்ளிக்கிழமை பஜனையில் அவர் பாடுவதைக் கேட்டிருக்கிறேன். மிக நன்றாகப் பாடுவார்.

4. எனக்கு இந்தச் சரித்திரத்தைச் சொன்னவர், எங்கள் கீழ்வீட்டில் தையல் கற்றுத்தரும் வேரா என்ற ருஷ்ய அம்மாள். 1861இல் பண்ணையடிமைகள் விடுதலையான பின், குடியானவர்கள் தாங்களே தலைவரையும் நீதிபதிகளையும் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். வேரா அம்மாளின் தகப்பனார் அந்தக் கச்சேரியில் எழுத்தர். எழுதத் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்பாராம். இரண்டு வருஷத்துக்கு முன் பகுதிகளை இணைத்தபோது ஸரேச்யே என்ற பெயரே போய்விட்டது. அதற்கு 'ஆற்றுக்கு அக்கரை' என்று அர்த்தம். இங்கே ஆற்றைக் கடந்து சிரியம் போகும் படகைப் பார்க்கும்போதெல்லாம் அந்த அம்மாள் அந்தப் பெயரைச் சொல்வார்.

5. வரும் சனிக்கிழமை கட்டுரைகளைப் பள்ளிக்கூடச் சுவரில் மாட்டுகிறார்கள். திங்கட்கிழமை வேரா அம்மாள் பினாங்குக்குக் கப்பலேறுகிறார். இப்போது எந்தத் தேசப்படத்திலும் இல்லாத தம் ஊர்ப் பெயரைச் சுவரில் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக ஆசைப்படுகிறார். எனக்குப் பரிசு வேண்டாம். கட்டுரையையும் அதற்காக நான் வரைந்த ஸரேச்யே படத்தையும் மாட்ட மட்டும் தாங்கள் உத்தரவிட வேண்டும்.

6. சிவப்பு மைக் குறிப்புகளை அழிக்க வேண்டியதில்லை. அவற்றை விளக்கியபோது வேரா அம்மாள் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அறுவடை முடிந்த நாளில் அந்தக் கச்சேரி வாசலில் பன்னிரண்டு கிராமமும் கூடிப் பாடுமாம். ஆகவே ஆசிரியர் சொன்னதை முழுத் தவறு என்று சொல்ல முடியாது. அந்தச் செய்தி என் கட்டுரையில் விட்டுப்போயிற்று. பன்னிரண்டாம் பக்கமாக எழுதி இத்துடன் இணைத்திருக்கிறேன்.

இடம்: ரங்கூன்
தேதி: 16-11-1926

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும் மாணவி,
ந. அம்சவேணி