சின்னம்மா சொன்ன ஐயா

1957, ஐப்பசி, செவ்வாய்க்கிழமை. போடி.

மெட்ராஸ் ஸ்டூடியோவில் உட்கார்ந்தே கிராம நிகழ்ச்சி செய்தது போதும், ஊர்களுக்கே போய் அந்த மக்களைப் பேச விடுவோம் என்று வானொலியில் முடிவெடுத்தார்கள். நான் போடிக்குப் பக்கத்துச் சிலமலைக்காரன் என்பதால் முதல் ஆளாக என்னை அனுப்பினார்கள்.

இன்று போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் பதிவு. காய் பறிக்கும் பெண்களில் பேச முன்வந்தவள் என் சின்னம்மா. அம்மாவின் கூடப்பிறந்த தங்கை, என்னை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவள் அங்கே கூலிக்குப் போவதை ஆபீசில் நான் யாரிடமும் சொன்னதில்லை.

வேலை எப்படி என்று கேட்டு மைக்கை நீட்டினேன். "அதையேன் கேக்கிற அப்பு, அட்டைக்கடி தாங்காது" என்று ஆரம்பித்தாள்.

கூட வந்த இஞ்சினீயர் நிமிர்ந்து, "உங்க சொந்தமா சார்?" என்றார்.

"இல்லை. இந்தப் பக்கம் எல்லாரையும் அப்படித்தான் கூப்பிடுவாங்க" என்றேன். மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு அவள் பக்கம் திரும்பினேன். "அப்புன்னு சொல்லாதீங்கம்மா. ஐயான்னு சொல்லுங்க."

என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு வார்த்தைக்கு வார்த்தை ஐயா போட்டுப் பேசி முடித்தாள். நன்றாக வந்திருக்கிறது என்றார் இஞ்சினீயர்.

சாயந்தரம் மெஷினை ஜீப்பில் ஏற்றிய பின், அவர் அந்தப் பக்கம் போன நேரம் பார்த்து, "சின்னம்மா" என்று கூப்பிட்டேன்.

"வெரசாக் கெளம்புங்கய்யா, மெட்டுல பனி எறங்கிரும்" என்றாள். "சிலமலப் பக்கம் போனீங்கன்னா, எங்க அக்காவக் கேட்டதாச் சொல்லுங்க."