பதினோரு நிமிடத்தில் வராதது

இன்று காலை அரியலூரிலிருந்து வரும் பஸ்ஸில் எனக்கு முன்னால் நின்றவரின் காலில் செருப்பு வார் குழியாகப் பதிந்திருந்தது. அப்படி வீக்கம். இறங்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். உன் காலும் கடைசி மாதங்களில் அப்படித்தான் இருந்தது. "குன்னத்துலேருந்து டெய்லி நின்னுக்கிட்டே வர்றேன்ல, வீங்காம என்னடா செய்யும்" என்றாய். நானும் நம்பினேன். நம்புவது எனக்குச் சௌகரியமாக இருந்தது.

பெரம்பலூர் அறக்கட்டளை ஆபீஸில் உனக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. இரண்டு மாவட்டத்து மருத்துவ முகாம்களின் டேட்டா முழுவதையும் தினமும் காலையில் டேஷ்போர்டு திரையில் ஏற்றவேண்டும். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு உப்பு கூடிச் சிறுநீரகம் கெட்டிருக்கிறது என்று அது சிவப்பில் காட்டும். நர்சுகள் அந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் ஆட்களைக் கூப்பிடுவார்கள். ஏற்றி முடிக்க இரண்டரை மணி நேரம் ஆகும். பத்து மணி மீட்டிங்கில் அதற்காகத் தினமும் திட்டு வாங்கியவன் நான்.

அதனால் பழையதையெல்லாம் திரும்ப ஏற்றாமல், கடைசி ஏழு நாள் முகாம்களை மட்டும் ஏற்றும்படி மாற்றினேன். பதினோரு நிமிடத்தில் முடிந்தது. மேனேஜர் கை கொடுத்தார். நீ மட்டும், "வேகமா வந்துச்சு, சரி. முழுசா வந்துச்சாடா?" என்று கேட்டாய். அதோடு விடாமல், முகாம் பட்டியலில் எத்தனை பேர், டேஷ்போர்டில் எத்தனை பேர் என்று தினமும் ஒப்பிட்டுப் பார்த்தாய். சரியாகவே இருந்தது.

வாலிகண்டபுரம் முகாமில் ஆண்கள் யாரும் ரத்தம் எடுக்கும் ஊசிக்குக் கை நீட்டவில்லை. "மொத ஆளா நானே குடுக்குறேன், வாங்கய்யா" என்று நீ உட்கார்ந்தாய். பின்னால் வரிசை சேர்ந்தது. பதினைந்து நாள் கழித்தும் உன் பெயருக்கு எதிரே சாம்பல் நிறத்தில் 'ரிசல்ட் வரவில்லை' என்றே இருந்தது. லேபுக்குப் போன் போடப் போனாய். "எதுக்குடா, வந்தா தானா ஏறிடப் போவுது" என்று சொன்னவன் நான்தான். நீயும் போனைக் கீழே வைத்துவிட்டாய். அந்த முகாம் முடிந்த ஏழாம் மாதம் மயங்கி விழுந்தாய். திருச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது என்றார்கள்.

ரிசல்ட் எப்போதோ வந்திருந்ததடா. சந்தேகமான ரத்தத்தை லேபில் இரண்டாம் முறை பார்ப்பார்கள், அதற்குப் பத்து நாளுக்கு மேல் ஆகும். அதற்குள் அந்த முகாம் என் ஏழு நாளைத் தாண்டிப் போய்விடும், பிறகு வரும் ரிசல்ட் ஏறவே ஏறாது. ஆளின் பெயர் ஏற்கெனவே ஏறியிருந்ததால் உன் கணக்கும் இடிக்கவில்லை. நன்றாக இருந்தவர்களின் ரிசல்ட் எல்லாம் ஒழுங்காக வந்தது. நோயாளிகளைத்தான் பொறுக்கியெடுத்து வெளியே நிறுத்தியிருந்தேன்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம் சர்வரை மாற்றினார்கள். எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றவேண்டி வந்தது. சாம்பல் கட்டங்கள் சிவப்பாயின. முப்பத்தொரு பேர். முப்பது பேருக்குப் போன் போட்டோம். ஆபீஸில் அதற்கு 'டேட்டா பிழை' என்று பெயர் வைத்து முடித்துக்கொண்டார்கள். இப்போது தினமும் முழு டேட்டாவும் ஏறுகிறது.

உன் வீட்டில் சொல்ல எனக்கு நான்கு மாதம் பிடித்தது. போன ஞாயிற்றுக்கிழமை போனேன். உன் மனைவி செல்வி வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்பவே தெரிஞ்சிருந்தா?"

"மருந்துலயே இன்னும் சில வருஷம் இருந்திருப்பாம்மா."

கத்தியைக் கீழே வைத்தார். "அவரு இருந்தா உங்கள ஒன்னும் சொல்லிருக்க மாட்டாருண்ணே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுது முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "ஆனா நான் அவரு இல்ல. இனிமே இங்க வராதீங்க" என்றார்.

அவர் சொன்னதுதான் நியாயம். அன்றிலிருந்து உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதவேண்டும் என்று தினமும் உட்கார்கிறேன். கேட்கப்போவதில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய்.