சஹர் மாத்திரை

மச்சானுக்கு சலாம். மலையில் குளிர் எப்படி? மிளகு காய்ந்ததா?

காலையில் ஹார்ட் மாத்திரை போட்டால் நோன்பு முறியும் என்று நிறுத்திவிட்டு, இரவில் வாசலூர்பட்டி நாட்டு வைத்தியர் தனபால் கொடுத்த மருதம்பட்டைக் கஷாயத்தை மட்டும் குடித்தீர்கள். நீங்கள் மலைக்குப் போகும்வரை, விடியுமுன் சஹர் சாப்பாட்டுக்கு எழுப்பும்போதெல்லாம் முதலில் உங்கள் மூக்கருகே விரல் வைத்துப் பார்ப்பேன்.

இன்று நானே டாக்டரிடம் போனேன்.

"சஹர் சாப்பாட்டோடயே மாத்திரையப் போட்டுக்கலாமுங்க. இதுக்கா நிறுத்துனாரு? கஷாயம் அதுக்கு ஈடாகாதுங்க" என்றார்.

இதைக் கேட்க உங்களுக்கு வாயில்லையா? எனக்கு அங்கேயே அழுகையும் சிரிப்பும் வந்துவிட்டன.

மாத்திரையை இந்தக் கடிதத்தோடு பஸ்ஸில் கொடுத்தனுப்புகிறேன். நாளை சஹரிலிருந்து போடுங்கள். வேலை முடிந்து வீட்டுக்கு வாருங்கள். இனி அடுப்படியில் நின்றபடியே சத்தம் போட்டு எழுப்புவேன்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் அம்மா