ஓடையோரத்து டுரியான் மரங்கள்

சனிக்கிழமை, பாலோ.

"மரம், ஓடை பத்தியெல்லாம் யாருங்க படிப்பாங்க? அந்த அத்தியாயத்த எடுத்துடுங்க" என்றார் பதிப்பாளர். என் ரப்பர் தோட்ட வரலாற்று நூலிலிருந்து அதை எடுக்க மறுத்தேன். செய்தது சரிதானா என்று இத்தனை நாளும் உறுத்தல்.

இன்று வாசகர் சந்திப்புக்குச் செருப்பில் சேறோடு ஓர் அம்மா வந்தார். பெயர் மாரியாயி, தொழிற்சாலை ஊழியர்.

"சார், ரப்பர அழிச்சு எண்ணெய்க்கு செம்பனை நட்டப்ப எங்கம்மா சமாதி எங்கன்னே தெரியாம போச்சு. நீங்க எழுதுன மாதிரியே இன்னிக்கு காலையில ஓடையோரமா நடந்தேன். புத்தகத்துல வர்ற ரெண்டு டுரியான் மரமும் அப்படியே நிக்குது லா! பக்கத்துலயே சமாதி. கண்டுபிடிச்சிட்டேன்!"

அரங்கமே கைதட்டியது. அந்த அம்மா புத்தகத்தை நீட்டி, கையெழுத்தை அந்த அத்தியாயத்தில்தான் போட வேண்டும் என்றார். இவ்வளவு பெருமையோடு நான் என் பெயரை எழுதியதே இல்லை.